மூளைக்குச் சீல் வைத்த சாட்சி

மனிதர்கள் எத்தனை அடி வாங்கினாலும் அவர்களுடைய மூளை எப்படித் தாக்குப்பிடிக்கிறது? இந்தக் கேள்வி ஒரே சமயத்தில் ஏழு நாடுகளில் கேட்கப்பட்டது. நல்ல கேள்விதான். அதற்கான பதிலில் கல்வராயன் மலையின் பங்கைத் திரட்டிக் கொடுக்கும் வேலை, மணலூர்பேட்டைக்காரியான கலையரசிக்குப் பதினோரு மாத ஒப்பந்தத்தில் கிடைத்தது. ஆய்வின் முழுப்பெயர் இரண்டு வரிக்கு வரும். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், செல்போன் கடை ஒன்றின் மாடியில் இருந்த அலுவலகத்தில் எல்லாரும் அதை மூளை ப்ராஜெக்ட் என்றார்கள்.

சோதனைக்கு இரண்டு பாகம். முதல் பாகம் மூளைக்கு, முப்பது மதிப்பெண். இன்று என்ன தேதி, இது எந்த மாவட்டம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வா, கடிகாரம் ஒன்று வரை, மூன்று சொற்களைக் கேட்டு வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல், இப்படிப் போகும். இரண்டாம் பாகம் மீள்திறனுக்கு. அதில் பத்து வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை டேப்லட்டில் ஐந்து பொத்தான்கள். அவை ஒரு குளிர்தேசத்தில் எழுதப்பட்டு, இன்னொரு தேசத்தில் தமிழாக்கப்பட்டு, மூன்றாவது தேசத்தில் சரிபார்க்கப்பட்ட வாக்கியங்கள். தமிழ் பேசுகிறவர்களிடம் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தன.

கலையரசிக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. ஒரு சோதனைக்குள் ஒவ்வொரு கேள்வியும் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று யோசிப்பது, கடிகாரத்தைப் பிரித்துப் பார்ப்பது போல அவளுக்குச் சுவையாக இருந்தது. பிரித்ததைப் போட்டுப் பார்க்கும் இடம் சாமியம்மாள் வீட்டு வாசலாக அமைந்ததில்தான் சிக்கல்.

சாமியம்மாளுக்கு அறுபத்து நாலு வயது இருக்கலாம். ஆதார் அட்டையில் அறுபத்தொன்று. வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. அவள் ஒரு குச்சியால் கோழியை விரட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

“இன்னிக்கு இன்னா தேதிங்கம்மா?”

“சந்தைக்கு மறுநாளு.”

சரியான பதில். அன்று சந்தைக்கு மறுநாள்தான். டேப்லட்டில் அதற்கு இடமில்லாததால் கலையரசி தவறு என்று அழுத்தினாள்.

“இது எத்தனாவது மாடிங்கம்மா?”

சாமியம்மாள் தன் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கலையரசியின் முகத்தைக் கவலையோடு பார்த்தாள். “வெயில்ல நடந்தே வந்தியா கண்ணு? செத்த உக்காந்து தண்ணி குடி.”

“கேள்வி அப்பிடித்தாம்மா இருக்குது. சரி, நூத்துல ஏழு போனா?”

“எது நூறு?”

“சும்மா நூறு.”

“சும்மா நூறு யாருகிட்ட இருக்குது?” என்றாள் சாமியம்மாள்.

இந்த இடத்தில் பக்கத்து வீட்டு வளர்மதி வந்து சேர்ந்தாள். நாற்பது வயதுக்காரி, இடுப்பில் குடம். மூன்று சொற்களைக் கலையரசி ஏற்கெனவே சொல்லியிருந்தாள்: குடை, ரயில், வாழைப்பழம். திருப்பிக் கேட்கும் நேரம் வந்ததும் வளர்மதி பின்னாலிருந்து, “கொடைன்னு சொல்லுக்கா, கொடை, ரயிலு” என்று எடுத்துக் கொடுத்தாள்.

“அக்கா, நீங்க சொல்லக் கூடாதுங்க. அவங்க தனியாத்தான் சொல்லணும்.”

“எதுக்குங்க தனியா? இந்த ஊருல நாங்க எந்த வேலய தனியா செஞ்சோம்?”

“விதிங்க அக்கா.”

“விதின்னா சரி” என்று வளர்மதி நகர்ந்தாள். தலையில் எழுதியதைச் சொல்கிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, முகத்தில் ஓர் இரக்கம் இருந்தது.

“அம்மா, நான் மூணு வார்த்த சொன்னேனே, இப்ப சொல்லுங்க.”

“எந்த வார்த்த? நீ ஒண்ணும் சொல்லலியே கண்ணு.”

மூன்றுக்குப் பூஜ்யம். ரயிலைப் பார்த்திராத பெண்ணிடம் ரயிலைக் கொடுத்து வைத்தால் அது எப்படி நிற்கும் என்று கலையரசி தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு இரண்டாம் பாகத்துக்குப் போனாள்.

“‘கடினமான காலங்களுக்குப் பிறகு நான் விரைவில் மீண்டெழுகிறேன்.’ அதாவதுங்கம்மா, கஷ்டம் வந்தா மறுபடி எழுந்துக்குவீங்களா?”

“எழுந்துக்காம படுத்துக்கினா மாட்டுக்கு யாரு தண்ணி காட்டறது?”

முற்றிலும் உடன்படுகிறேன்.

நாலாவது வாக்கியம் வேண்டுமென்றே தலைகீழாக எழுதப்பட்டது. ‘துன்பம் வந்தால் அதிலிருந்து வெளிவருவது எனக்கு மிகக் கடினம்.’ எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவர்களைப் பிடிக்க ஆய்வாளர்கள் வைக்கும் பொறி இது. முதல் வாக்கியத்துக்கு ஆமாம் சொன்னவர் இதற்கு இல்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் வீடு தேடி வந்த ஒருத்தியிடம், அதுவும் வெயிலில் மூளை கலங்கிப்போய் வந்திருக்கிற ஒருத்தியிடம், இல்லை என்று சொல்ல சாமியம்மாளுக்கு மனம் வரவில்லை. “ஆமா கண்ணு” என்றாள். குளிர்தேசத்துப் பொறியில் மரியாதை ஒன்று சிக்கிக்கொண்டது. அது போக மீதி ஒன்பது வாக்கியத்திலும் முழு மதிப்பெண்.

பங்கேற்றவருக்கு முடிவைத் தெரிவிக்காமல் விடுவது அறமாகாது என்று ஆய்வின் நெறிமுறைக் குழு மூன்று நாள் உட்கார்ந்து முடிவு செய்திருந்தது. அந்த முடிவு பங்கேற்றவருக்குப் புரிய வேண்டுமா என்பதைப் பேச நாலாவது நாள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. கலையரசி கைக்கடக்கமான பிரிண்டரை முடுக்கினாள். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு சீட்டு வந்தது. மேலே சாமியம்மாளின் போட்டோ, பெயர், ஊர், விவரம் கேட்கக் கலையரசியின் போன் நம்பர். நடுவில் சிறிய எழுத்தில், ‘அறிவாற்றல்: 9/30, குறைவு.’ அதற்குக் கீழே பெரிய எழுத்தில், ‘மீள்திறன்: மிக அதிகம்.’ அடியில் வட்டமான நீல சீல். அதற்குள் ஒரு மூளைப் படம்.

“இது இன்னா, காளானா?” என்றாள் சாமியம்மாள்.

“மூளைங்கம்மா.”

“யாருது?”

“பொதுவாங்க.”

சாமியம்மாள் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் கள்ளக்குறிச்சி அலுவலகம் திருவிழாவானது. மேற்பார்வையாளர் அருள்மொழி கணினியைத் திருப்பிக் காட்டினார். உலக வரைபடத்தில் கல்வராயன் மலை இருந்த இடத்தில் ஒரு பச்சைப் புள்ளியும் ஒரு சிவப்புப் புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன.

“நம்ம மலை கலக்கிடுச்சு கலை. மீள்திறன்ல ஏழு நாட்டுலயே ஃபர்ஸ்ட். மூளையில ஏழு நாட்டுலயே லாஸ்ட்.”

“ரெண்டும் எப்படி சார் ஒண்ணா வரும்?”

“அதத்தான் ஆராயப்போறாங்க. மூளை கம்மியா இருந்தா கவலை கம்மியாகுமோன்னு ஒரு புரொபசர் கேட்டிருக்காரு. பெரிய கட்டுரையா வரும்.”

“கேள்வி தப்பா இருக்கலாமே சார்.”

“கேள்விக்கு எட்டு கோடி ரூபா குடுத்திருக்காங்க” என்றார் அருள்மொழி. அதற்கு மேல் ஒரு கேள்வி எப்படிச் சரியாக இருக்க முடியும்?

இந்தக் கதை இங்கேயே ஒரு கட்டுரையாக முடிந்து, யாரும் படிக்காமல் நலமாக இருந்திருக்கும். ஆனால் சாமியம்மாளின் ஊரில் செல்லன் என்று ஒருவன் இருந்தான். அவனுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம். சாமையும் மரவள்ளியும் போடுகிறான். நிலம் காட்டு எல்லைக்குள் இருப்பதால் அவன் பெயரில் எந்தக் காகிதமும் இல்லை. வன உரிமைச் சட்டம் சொல்வது இது: இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு டிசம்பர் பதின்மூன்றுக்கு முன்பிருந்தே அவனைப் போன்ற பழங்குடி ஒருவர் அந்த நிலத்தில் பயிர் செய்து பிழைத்து வந்தால், அது அவருக்கு உரிமையாகும். நிரூபிக்கக் காகிதம்தான் வேண்டும் என்பதில்லை. நிலத்தில் போட்ட வரப்பைக் காட்டலாம். மனு போடாத ஊர்ப் பெரியவர் ஒருவரின் வாக்குமூலத்தை எழுதி வாங்கலாம். காகிதமே இல்லாதவர்களுக்காகச் சட்டம் எழுதியவர்கள் கொஞ்சம் யோசித்தே எழுதியிருக்கிறார்கள்.

செல்லனின் நிலத்தில் நல்ல கல்வரப்பு ஒன்று இருந்தது. ஆனால் கல்லைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. அது எப்போது கட்டியது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். கட்டியவர்களில் இருவர் இறந்துவிட்டார்கள். மற்றவர்கள் தாங்களும் மனு போட்டிருந்தார்கள். மிச்சம் சாமியம்மாள் ஒருத்திதான்.

மலையில் காகிதத்துக்கு ஒரு தரவரிசை உண்டு. கையால் எழுதியது கடைசி. அச்சடித்தது அதற்கு மேல். போட்டோ உள்ளது அதற்கும் மேல். வட்ட சீல் இருந்தால் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. சாமியம்மாளின் ரேஷன் கார்டு இருந்த பாலிதீன் பையில் புதிதாக ஒரு சீட்டு சேர்ந்திருப்பதைச் செல்லன் பார்த்தான். ஐந்தாவது வரை படித்தவன். பெரிய எழுத்தில் இருந்த ‘மிக அதிகம்’ என்பதைச் சிரமமில்லாமல் படித்தான். மற்ற ஊர்களில் சாட்சி என்றால் வெறும் வாய்வார்த்தை. நம் ஊரில் சாட்சியின் மூளையையே அதிகாரி வந்து பரிசோதித்து சீல் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இதைவிடப் பலமான சாட்சி உண்டா? செல்லன் அந்தச் சீட்டை ஒரு வெள்ளைத்தாளில் பசை போட்டு ஒட்டி, தன் மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தான்.

வியாழக்கிழமை மாலை அவனிடமிருந்து கலையரசிக்குப் போன் வந்தது.

“மேடம், நம்ம சீட்ட மனுவோட வச்சேன் மேடம். விசாரணைக்கு வந்த சாரு படிச்சிப் பாத்துட்டு மூடி வச்சுட்டாரு. நாளைக்கு சாமியம்மா அத்தையயும் கூட்டிக்கினு வா, நேர்ல பாக்கணும்னாரு. நல்லதுதான மேடம்?”

“நான் வர்றேன்” என்றாள் கலையரசி.

மறுநாள் காலை கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சாமியம்மாளின் விடைத்தாளை டேப்லட்டில் திறந்தாள். சோதனையின் பொய்யை அதிகாரிக்குக் கேள்வி கேள்வியாகப் பிரித்துக் காட்டுவது அவள் திட்டம். இழந்த மதிப்பெண் இருபத்தொன்று. மாடி ஒன்று. தேதி, மாதம், வருடம் மூன்று. கழித்தல் ஐந்து. கடிகாரம் நாலு. படிப்பதும் எழுதுவதும் மூன்று. படத்தைப் பார்த்து வரைவது ஒன்று. மாவட்டம் ஒன்று. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன் இருந்த விழுப்புரத்தையே சாமியம்மாள் சொல்லியிருந்தாள். பேருந்து அப்போது கடந்துபோன ஒரு கடைப் பலகையும் விழுப்புரம் மாவட்டம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை. இவை பதினெட்டும் ஒருத்தி பள்ளிக்கூடத்துக்குப் போனாளா என்று கண்டுபிடிக்கும் கேள்விகள். அதற்கு எட்டு கோடி தேவையில்லை, அவளையே கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

மீதி மூன்று. கலையரசியின் விரல் அங்கே நின்றது.

மூன்று சொற்களைத் திருப்பிச் சொல்லப் பள்ளிக்கூடம் வேண்டாம். ரயிலைப் பார்த்திராதவர்கள் ரயிலை மறக்கலாம். குடையை? வாழைப்பழத்தை? அதைவிட முக்கியமாக, மறப்பதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் சொல் உள்ளே போயிருக்கும், எடுக்க வராது. முதல் எழுத்தைச் சொன்னால் வந்துவிடும். இரண்டாம் வகையில் அது உள்ளேயே போயிருக்காது. சாமியம்மாள், ‘மறந்துபோச்சு’ என்று சொல்லவில்லை. ‘நீ ஒண்ணும் சொல்லலியே’ என்றாள். வளர்மதி இரண்டு சொற்களை வாய்விட்டுச் சொன்ன பிறகும் அப்படிச் சொன்னாள்.

பதினெட்டு மதிப்பெண்ணுக்கான தவறான கேள்விகளுக்கு நடுவில் ஒரே ஒரு சரியான கேள்வி இருந்திருக்கிறது. கலையரசி அதைத்தான் சமாதானம் சொல்லித் தள்ளிவிட்டிருக்கிறாள்.

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன், சிக்னல் போவதற்குள், அருள்மொழியைக் கூப்பிட்டாள். அவர் ஒரு நொடியில் தீர்வு சொன்னார்.

“பிரிண்டர் கோளாறுன்னு சொல்லிட்டு வா. வாயால சொல்லு, எழுதிக் குடுக்காத. எழுதினா மேல வரைக்கும் போவும். உனக்கு அடுத்த மாசம் ரினிவல், ஞாபகம் இருக்கா?”

“இருக்குது சார். எனக்கு ஞாபகம் நல்லாத்தான் இருக்குது.”

மலை ஏறுகிற நேரம் முழுதும் அந்தப் பொய்யைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லாத பொய் அது. செல்லனுக்கு நிலம், அருள்மொழிக்கு நிம்மதி, அவளுக்கு இன்னொரு பதினோரு மாதம். எல்லாப் பழியும் ஒரு பிரிண்டருக்கு. அதற்குக் குடும்பம் குட்டி இல்லை. ஒரே ஒரு விஷயம்தான். ரத்தத்தில் ஒரு வைட்டமின் குறைந்தாலும், கழுத்திலுள்ள தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டாலும் இப்படி மறக்கும். அப்படியானால் மாத்திரையிலும் ஊசியிலும் கொஞ்சம் சரிப்படுத்தலாம். வேறு காரணமாகவும் இருக்கலாம். எதுவென்று ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பிரிண்டருக்குக் கோளாறு என்று முடிவாகிவிட்டால் பிறகு சாமியம்மாளுக்கு யார் ரத்தம் எடுப்பார்கள்?

விசாரணை பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். கெட்டவரில்லை. அதுதான் தொல்லை; கெட்டவராக இருந்தால் எதிர்த்துப் பேசுவது சுலபம்.

“வரப்பு எந்த வருஷம்மா கட்டினீங்க?” என்று கேட்டார்.

“அதெல்லாம் தெரியாதுங்க சாமி” என்றாள் சாமியம்மாள்.

“இது இன்னா வருஷம்?”

“அதுவும் தெரியலீங்க.”

அதிகாரி செல்லனைப் பார்த்தார். “நான் எப்படிப்பா எழுதறது? நீயே கொண்டாந்து குடுத்திருக்க. ஞாபகம் கம்மின்னு சீல் போட்டு இருக்குது. நாளைக்கு மேல இருக்கற கமிட்டியில இதப் பாத்தா இன்னா கேப்பாங்க?”

“கம்மியா?” என்றான் செல்லன். “மிக அதிகம்னு இருக்குதுங்களே.”

“அது வேற வரி.”

செல்லன் சீட்டை வாங்கி, சிறிய எழுத்தை முதல்முறையாகப் படித்தான். உதடு அசைவது தெரிந்தது. படித்து முடித்ததும் அவன் யாரையும் பார்க்கவில்லை.

“சீட்டக் குடுத்தது நான்தான் சார்” என்றாள் கலையரசி.

“சொல்லும்மா. தப்பாப் போட்டுட்டீங்களா?”

இதோ, பொய்க்கு வாசலை அவரே திறந்துவிட்டார். நுழைய வேண்டியதுதான் பாக்கி.

“பாதி தப்பு சார். பதினெட்டு மார்க்கு ஸ்கூலுக்குப் போகாததுக்காகக் கொறச்சது. அத விட்டுடுங்க. மூணு மார்க்கு நெசம். இப்ப நடக்கறது இவங்களுக்கு நிக்கறதில்ல. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி சொன்னது உள்ள போவல.”

செல்லன், “மேடம்” என்றான்.

“அப்ப மறதி இருக்குதுன்னு நீயே சொல்ற” என்றார் அதிகாரி.

“இருக்குதுங்க சார். ஆனா மறதி எல்லாத்தையும் ஒண்ணாத் தின்னாது. பொதுவா கடைசியா வந்ததத்தான் முதல்ல தின்னும். புதுசா வர்றத உள்ள கொண்டுபோய் வைக்கற வேலைய மூளையில ஒரு எடம் செய்யுது. அது பழுதானா புதுசு வாசல்லயே நின்னுடும். இருவது வருஷத்துக்கு முன்னாடி உள்ள போய் உக்காந்தது, பல பேருக்கு ரொம்ப நாள் அப்படியே இருக்கும். நீங்க கேக்கறது அஞ்சு நிமிஷக் கத இல்லியே சார், இருவது வருஷக் கத.”

வராந்தாவின் ஓரத்தில் நின்ற வளர்மதி, “இதுக்கு எதுக்குங்க இவ்ளோ பெரிய மிசினு?” என்றாள். “சாமியக்காவுக்கு மறதின்றது ஊருக்கே தெரியும். ரெண்டு வருஷமா காலையில நான் போயி, இன்னிக்கு இன்னா கெழம, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா, ஒலையில உப்பு போட்டாச்சான்னு சொல்லிட்டு வர்றேன். சாயங்காலம் செல்லன் பொண்டாட்டி போவுது. அன்னிக்கும் நான் சொல்லலாம்னுதான் வந்தேன், விதின்னு வெரட்டி வுட்டுட்டீங்க.”

பத்து வாக்கியம் கேட்டும் கலையரசி, மலையின் மீள்திறன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், இடுப்பில் குடத்தோடு வந்து நின்றதைத் துரத்தியிருக்கிறாள். ஆய்வில் அதற்குப் பெயர், ‘வெளியாள் குறுக்கீடு’.

“சார், வருஷத்தக் கேக்காதீங்க” என்றாள். “வருஷம் நம்மளுக்குத்தான் ஆணி. இவங்க வேற ஆணியில மாட்டி வச்சிருப்பாங்க. கட்டும்போது இன்னா நடந்துச்சுன்னு கேளுங்க.”

அதிகாரி பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். “அந்த வரப்பக் கட்டினீங்களேம்மா, அப்ப இன்னா நடந்துச்சு?”

சாமியம்மாள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஆறு வூட்டு ஆளுங்களும் எறங்கி கட்டினோம். வூட்டுக்கு இவ்ளோன்னு பிரிச்சிக்கினோம். எனக்கு மேலண்ட மூல. பாதி கட்டிக்கினு இருக்கும்போது வீரமணி வெள்ளிமலைக்குப் போயிட்டு வந்தான். செத்துப் போனானே, அவன். வந்தவன் சொல்றான், கடலு ஊருக்குள்ள வந்துட்டுதுன்னு. நாங்க சிரிச்சோம். கடலு எதுக்கு ஊருக்குள்ள வருது, அதுக்கு இங்க இன்னா வேலன்னு இவன் அப்பன் கேட்டாரு. கடலூருல, நாகப்பட்டணத்துல, ஆளுங்கள வாரி வாரிப் போட்டிருக்குதாம், எண்ண முடியலியாம்னான். அப்புறம் யாரும் சிரிக்கல. ரெண்டு நாளு சிரிக்கல.”

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

“ரெண்டாயிரத்து நாலு. டிசம்பர் இருபத்தாறு. ஞாயித்துக்கெழம.”

“ஞாயிறு இல்லீங்க. செவ்வா.”

“சுனாமி ஞாயித்துக்கெழமதாம்மா.”

“அது கடலுக்குங்க. எங்களுக்குச் செவ்வாக்கெழமதான் தெரிஞ்சுது.”

அதிகாரி எழுதத் தொடங்கினார். சட்டம் கேட்கும் நாளுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முந்தைய செவ்வாய். பிறகு எல்லாரும் நிலத்துக்கு நடந்தார்கள். சாமியம்மாள் யாரும் காட்டாமலே மேற்கு மூலைக்குப் போய், தன் பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கையால் தட்டிக் காட்டினாள். அங்கே கல் அடுக்கியிருந்த விதம் மற்ற இடங்களிலிருந்து உண்மையாகவே வேறாக இருந்தது. சிறிய கற்கள், நெருக்கமாக. வேண்டுமென்றே அரைமணி நேரம் கழித்து அதே கேள்வியை அதிகாரி மறுபடி கேட்டார். கேட்டதே நினைவில்லாமல் சாமியம்மாள் முதலிலிருந்து சொன்னாள். கடல், சிரிப்பு, செவ்வாய். ஒரு கல்கூட இடம் மாறவில்லை.

“சார், அந்தச் சீட்ட எடுத்துடலாமா?” என்று கேட்டான் செல்லன்.

“கோப்புல ஏறின காகிதத்த எறக்க எனக்கு அதிகாரமில்லப்பா” என்றார் அதிகாரி. “வேணும்னா அதுக்குக் கீழ இந்தப் பொண்ணு விளக்கம் எழுதி கையெழுத்துப் போடட்டும்.”

எழுதிக் கொடுக்காதே என்பதுதான் அருள்மொழியின் உத்தரவு. கலையரசி எழுதினாள். பதினெட்டு மதிப்பெண் ஏன் செல்லாது, மூன்று மதிப்பெண் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று கேள்வி கேள்வியாக ஒன்றரைப் பக்கம். கீழே பெயர், பதவி, போன் நம்பர். பதவி இன்னும் சில நாளுக்குத்தான் சரியாக இருக்கும் என்பதை விளக்கத்தில் சேர்க்கவில்லை. எழுதி முடித்து வளர்மதியிடம், “திங்கக்கெழம அம்மாவ கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு வாங்க அக்கா, ரத்தம் பாக்கணும்” என்றாள். “நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்.”

“நானும் உள்ள வரலாமா? விதி ஒண்ணும் இல்லியே?”

“நீங்க இல்லாம அவங்கள உள்ளயே வுடக் கூடாது” என்றாள் கலையரசி.

வாக்குமூலத்தைக் கொடுத்தவருக்கே படித்துக் காட்ட வேண்டும். அதிகாரி படித்தார். அரசாங்கத் தமிழ் அது. கடலே சற்று அடங்கித்தான் வந்தது. ‘மேற்படி கடல் சீற்றச் செய்தி கிடைக்கப்பெற்றதன் காரணமாக இரண்டு தினங்கள் வரப்புப் பணி நிறுத்தப்பட்டது.’

“நிறுத்தலீங்க” என்றாள் சாமியம்மாள்.

“ரெண்டு நாளுன்னீங்களே?”

“சிரிக்கலன்னேன். வேலைய எதுக்கு நிறுத்தறோம்? பேசாம கட்டினோம்.”

அதிகாரி அந்த வரியை அடித்தார். மேலே எதையோ எழுதினார். அதையும் அடித்தார். கடைசியில், ‘பேசாமல் கட்டினோம்’ என்றே எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். சாமியம்மாளின் இடது பெருவிரலை மையில் ஒற்றித் தாளில் பதித்தார்கள். கமிட்டி அடுத்த மாதம் கூடும், தன் பரிந்துரை சாதகமாகத்தான் போகும் என்று செல்லனிடம் சொன்னார். செல்லன் கும்பிட்டான். மறுபடியும் கும்பிட்டான்.

வளர்மதி தன் முந்தானையால் சாமியம்மாளின் விரலைத் துடைத்துக்கொண்டே படியிறக்கிக் கூட்டிப்போனாள். வேப்பமரம் வரை போனதும் சாமியம்மாள் நின்று, நீலமாயிருந்த விரலைத் தூக்கிப் பார்த்தாள்.

“இது இன்னாடி மையி?”

“செல்லன் நெலத்துக்குக்கா. கைநாட்டு வச்சியே, இப்பத்தான்.”

“அது அவன் நெலந்தானடி” என்றாள் சாமியம்மாள். “அதுக்கு எதுக்கு மையி?”